ஆவன செய்யவும்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து, நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் ஆலைக்குப் போகவிருந்த கடிதம், 'மேற்படி விஷயத்தில் தங்கள் மேலான கவனத்தைச் செலுத்தி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிந்திருந்தது. எழுதியவர் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண், பி.காம். முடித்தவர், கணினியில் என்னைவிடப் பல மடங்கு வேகம். அவரை அழைத்து, "ஆலைக்காரர் இதைப் படித்துவிட்டு என்ன செய்யணும்னு நினைக்கிறே?" என்று கேட்டேன். "பணம் அனுப்பணுங்கக்கா" என்றார். கடிதம் முழுவதையும் இருவரும் மறுபடி படித்துப் பார்த்தோம். பணம் என்ற சொல்லே அதில் ஓரிடத்திலும் இல்லை. பல ஆண்டு நல்லுறவைப் பற்றி நான்கு வரியும், 'சில காலமாக நிலுவை இருந்து வருவது' பற்றி ஒரு வரியும் இருந்தன. எந்த பில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் எழுதியவரின் மனத்திலேயே தங்கிவிட்டன.

எங்கள் பேக்டரி சேலத்தில் ஆத்தூர் சாலையில் இருக்கிறது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் எடுக்கிற இடத்தில் எழுத்துக்கு என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. 18 ஆண்டுகளாக அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அங்கே அரைவைக்குச் சமமாக எழுத்தும் நடக்கிறது என்றே தோன்றுகிறது. கிழங்கு கொண்டு வரும் விவசாயிக்குச் சீட்டு, லாரி புக்கிங் ஆபீசுக்கு மடல், மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இருக்கும் வியாபாரிகளுக்கு விலைப்புள்ளி, மின்வாரியத்துக்கு மனு, வங்கிக்கு விளக்கம், ஆடிட்டருக்குப் பதில் என்று நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து எழுத்துகளாவது வெளியே போகின்றன. ஒன்றில் ஒரு சொல் பிசகினாலும் அதன் செலவு யாராவது ஒருவர் தலையில் விடியும். என் தலையில் விடிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தது. வடக்கே விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடி செய்யாத வீடு குறைவு என்பதால் அந்தப் பருவத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு வியாபாரி 200 மூட்டை கேட்டிருந்தார். 'வழக்கம்போல் 200 மூட்டை இன்று அனுப்புகிறோம்' என்று ஒரே வரியில் மடல் அனுப்பினேன். சுருக்கமாக எழுதிவிட்டேன் என்ற பெருமை வேறு. அவருடைய வழக்கம் 90 கிலோ மூட்டை. எங்கள் கிடங்கில் அந்த வாரம் கட்டி வைத்திருந்ததோ 50 கிலோ மூட்டை. பில்லில் எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் பில் லாரியோடு போனது, மடல் அதற்கு முன்பே போய்விட்டது. அவர் மடலை நம்பி 18 டன்னுக்குக் கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். லாரியிலிருந்து இறங்கியதோ 10 டன். மீதி 8 டன்னுக்கு அவசரமாக இன்னொரு லாரி பிடித்தோம். அந்த வாடகை எங்கள் கணக்கில் விழுந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை. "மூட்டைன்னா எத்தனை கிலோம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

அன்று முதல் 'வழக்கம்போல்' என்ற சொல்லை அலுவலகக் கடிதத்தில் நான் எழுதுவதில்லை. அந்தச் சொல், எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் ஒரே வழக்கம் இருக்கிறது என்று நம்புகிறது. 'விரைவில்', 'ஓரளவு', 'மேற்படி', 'உயர்தரமான' ஆகியவையும் அதே குடும்பத்துச் சொற்கள்தாம். 'உயர்தரமான சேலம் ஜவ்வரிசி' என்று விலைப்புள்ளியில் எழுதினால் அது மாவு ஜவ்வரிசியா, நைலான் ஜவ்வரிசியா என்பதுகூட வாங்குகிறவருக்குத் தெரியாது. 2023-இல் நம் ஊர் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு 'சேலம்' என்ற சொல்லுக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வியாபாரி கேட்பது மணி எவ்வளவு பருமன், ஈரப்பதம் எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள் லோடு ஏறும் என்பதைத்தான். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தோழி இதைவிட வேடிக்கையான ஒரு சிக்கலைச் சொன்னார். அவர்கள் தொழிலில் செடியிலிருந்து பறித்த பழத்துக்கும் 'செர்ரி' என்றுதான் பெயர். அதைத் தோலோடு அப்படியே காயவைத்த சரக்குக்கும் 'செர்ரி' என்றுதான் பெயர். ஈரப் பழத்துக்கும் காய்ந்த சரக்குக்கும் எடையிலும் விலையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'செர்ரி இருப்பு இவ்வளவு' என்று அவர் எழுதும் ஒவ்வொரு முறையும் எந்தச் செர்ரி என்று சேர்த்தே எழுதுகிறாராம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ஒரு லாரி காலியாகத் திரும்பிய பிறகு வந்த பழக்கம் என்றார்.

மறுபடியும் அந்த ஆலைக் கடிதத்துக்கு வருகிறேன். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தினோம். முடிவில் அது இப்படி நின்றது:

'ஐயா, வணக்கம். ஆகஸ்ட் 6 அன்று தங்கள் கிடங்கில் இறக்கிய 120 மூட்டை ஸ்டார்ச்சுக்கு, மூட்டை ஒன்று 50 கிலோ, தாங்கள் எங்களுக்குத் தர வேண்டியது வரி உட்பட 2,10,000 ரூபாய். பில் நகல் இணைத்துள்ளோம். ஆர்டரில் ஒப்புக்கொண்ட 45 நாள் தவணை செப்டம்பர் 20 அன்று முடிந்தது. சரக்கைப் பற்றித் தங்களிடமிருந்து எழுத்தில் குறை எதுவும் வரவில்லை. அக்டோபர் 10-க்குள் தொகையைக் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் அந்தத் தேதிக்குள் எழுதித் தெரிவிக்கவும்.'

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "இது சண்டைக்குப் போற மாதிரி இருக்குங்கக்கா" என்றார். நம்மில் பெரும்பாலோர் மழுப்பி எழுதுவதன் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதத் தெரியாமல் நாம் மழுப்புவதில்லை. கேட்கக் கூச்சப்பட்டு மழுப்புகிறோம். கடன் கேட்பவரைப் போலத் தயங்கிக்கொண்டு, நமக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்கிறோம். அந்தக் கூச்சம் 'தாழ்மையுடன்', 'மேலான கவனம்', 'ஆவன' என்று சால்வை போர்த்திக்கொண்டு வருகிறது. மரியாதை 'ஐயா'விலும் 'தங்கள்'இலும் 'கேட்டுக்கொள்கிறோம்' என்ற முடிவிலும் போதுமான அளவு இருக்கிறது. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு பணிவுச் சொல்லும், கேட்கும் பொருளைக் கண்ணிலிருந்து மறைக்கத்தான் உதவுகிறது. ஆலையின் மேலாளர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் அந்தக் கடிதத்தைத் தன் கணக்கரின் மேசைக்குத் தள்ளிவிடுவார். கணக்கருக்கு நம் நல்லுறவு தெரியாது; பில்லும் தொகையும் தேதியும் இருந்தால் அன்றே பட்டியலில் சேர்ப்பார், இல்லாவிட்டால் 'கேட்டுச் சொல்றேன்' என்று ஓரமாக வைப்பார். ஓரமாக வைத்த கடிதத்தின் ஆயுள் நமக்குத் தெரியும்.

'எழுத்தில் குறை எதுவும் வரவில்லை' என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவர் எங்கள் ஆடிட்டர். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும்; அந்தத் தவணையும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் அதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இது போதாதென்று, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியால், அப்படிக் கெடு தாண்டி வைத்திருக்கும் தொகையை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வாங்கியவர் தன் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். இவ்வளவு பெரிய சட்டத்தின் அச்சாணி 'எழுத்தில்' என்ற ஒரு சொல்லில் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். போனில் 'சரக்கு கொஞ்சம் கலர் கம்மி' என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் பணத்தை நிறுத்துகிறவரிடம் நமக்கிருக்கும் பிடி, நாம் வைத்திருக்கும் தேதிகள்தாம். ஆனாலும் வட்டியைப் பற்றி அந்த முதல் கடிதத்தில் நாங்கள் எழுதவில்லை. கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் முதல் நாளே வீச வேண்டியதில்லை.

பள்ளியில் நன்னூலின் பத்துக் குற்றங்களை மனப்பாடம் செய்தபோது அவை புலவர்களுக்கானவை என்று நினைத்தேன். அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் அவற்றை ஒவ்வொன்றாக நேரில் பார்த்தேன். என் 200 மூட்டை மடல் குன்றக் கூறல். ஆலைக் கடிதத்தின் முதல் நான்கு வரி மற்றொன்று விரித்தல். மின்வாரியத்துக்கு நாங்கள் ஒருமுறை எழுதிய மூன்று பக்க மனு, மின்மாற்றியில் தொடங்கி, நடுவில் மழைக்குப் போய், கடைசியில் என்ன கேட்கிறோம் என்பதே இல்லாமல் முடிந்தது. அதற்குச் சென்று தேய்ந்து இறுதல் என்று பெயர் வைத்தவர் எங்கள் கோப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது நமக்கு இரண்டு வசதிகள் இருக்கின்றன. இரண்டையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். ஒன்று, வினைமுற்றின் விகுதி. 'அனுப்பினோம்' என்ற ஒரே சொல்லில் செயலும் காலமும் செய்தவரும் அடங்கிவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு 'அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் சொல் ஒன்று கூடுகிறது, ஆள் காணாமல் போகிறார். 'தவறு நிகழ்ந்துள்ளது', 'நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்றெல்லாம் எழுதும் கை, பொறுப்பை யார்மீதும் வைக்க விரும்பாத கை. சில நேரம் அது தேவையாகவும் இருக்கலாம், அடுத்தவர் தவறை நாசூக்காகச் சுட்ட வேண்டியிருக்கும்போது. நம் தவறைச் சொல்லும்போது மட்டும் அது எடுபடாது. 'எடையைத் தவறாக எழுதிவிட்டோம்' என்று எழுதினால் எதிரில் இருப்பவரின் கோபம் பாதியாகக் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று, நாமும் நாங்களும். பேச்சில் ஒரு குழந்தைகூட இவற்றைக் குழப்பாது. கடிதத்தில் பெரியவர்கள் குழப்புகிறார்கள். சேலம் லீ பஜார் சந்தையில் இருக்கும் ஒரு தரகருக்கு, நனைந்துபோன மூட்டைகள் தொடர்பாக, 'இந்த இழப்பை நாம் ஏற்றுக்கொள்வோம்' என்று எங்கள் பழைய மேலாளர் எழுதிவிட்டார். நாம் என்றால் கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. தரகர் போன் செய்து, "அப்போ பாதிப் பாதியாங்க?" என்று கேட்டார். மேலாளர் சொல்ல வந்தது நாங்கள் முழுவதையும் ஏற்கிறோம் என்பது. தரகர் நேர்மையானவர் என்பதால் அது சிரிப்போடு முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பத்தை ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. வடக்கே இருக்கும் வியாபாரிக்கும் அது இரண்டாவது, மூன்றாவது மொழி, எங்களுக்கும் அப்படியே. ஆகவே வாக்கியம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. இப்போது பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; இலக்கணம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதையே தமிழில் கேட்டு வாங்கியபோது 'இந்த மின்னஞ்சல் தங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறோம்' என்று தொடங்கியது. மின்னஞ்சல் எதற்கு ஒருவரைத் தேடி அலைய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மூட்டை எத்தனை கிலோ என்பதும் நாம் சொல்லும்வரை அதற்குத் தெரியாது.

இத்தனை கடிதங்களுக்கு நடுவில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து, கிழங்கு கொண்டு வரும் விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டு. எங்கள் பக்கத்தில் கிழங்குக்கு விலை வெறும் எடையை வைத்து மட்டும் இல்லை; அதில் ஸ்டார்ச் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று டன்னுக்குப் போடுகிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் அந்தச் சீட்டு உள்ளங்கை அகலத் துண்டுத்தாள். அதில் பென்சிலால் ஒரு தொகை மட்டும் இருக்கும். 64,800 என்று எழுதியிருந்தால் அது எப்படி வந்தது என்று விவசாயி கேட்பார். அவருக்கு வாயால் சொல்வோம். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது அது வேறாக மாறியிருக்கும். மறுநாள் மகனோடு வந்து நிற்பார். கேட்டருகே தினமும் ஒரு வாக்குவாதம். பிறகு சீட்டைப் பெரிதாக்கி, வண்டி எண், மண் கழித்த எடை 8 டன், பாயிண்ட் 27, அன்றைய விலை பாயிண்டுக்கு 300 ரூபாய், ஆக டன்னுக்கு 8,100, மொத்தம் 64,800 என்று வரிவரியாக எழுதத் தொடங்கினோம். சீட்டில் எண்கள் கூடியதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. விலை கூடவும் இல்லை. விலை குறைவு என்ற வருத்தம் அவர்களுக்கு இன்றும் உண்டு, அது நியாயமான வருத்தம். ஆனால் கணக்கில் ஏமாற்றினார்கள் என்ற பேச்சு எங்கள் கேட்டில் அநேகமாக நின்றுவிட்டது. சேலத்தில் யாராவது என்னிடம் அலுவலகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கச் சொன்னால், முதலில் அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

எங்கள் எழுத்து ஓரளவு திருந்தியதற்கு எடைமேடையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் பெரிய காரணம். எட்டாவது வரை படித்தவர். முக்கியமான கடிதமாக இருந்தால் அனுப்புவதற்கு முன் அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன், படித்து முடித்ததும், "இப்ப அவங்க என்ன செய்யணும்ண்ணா?" என்று கேட்பேன். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கடிதம் போகும். தலையைச் சொறிந்தால் தவறு என்னுடையது. தமிழில் வினை கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் அவர் எங்கே பொறுமை இழக்கிறார் என்பது முகத்திலேயே தெரியும். எச்சத்துக்கு மேல் எச்சமாக நான் கோத்துக்கொண்டே போவேன், அவர் எடைமேடைப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்குவார். அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. போனில் பேசி முடித்த எந்த விஷயத்தையும் அன்றே இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறோம்: 'இன்று காலை பேசியபடி, 50 கிலோ மூட்டை 300, வியாழக்கிழமை லோடு, வாடகை தங்களுடையது.' குரல் பதிவை ஏற்பதில்லை. இரண்டு நிமிடக் குரல் பதிவில் விலை எந்த நொடியில் வருகிறது என்று ஆறு மாதம் கழித்துத் தேட முடியாது. பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் வந்தால், 'சரி என்று எழுதிவிடுங்கள்' என்று திரும்பக் கேட்கிறோம். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களே முந்திக்கொண்டு எழுதுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த வாரம் நான் மாட்டிக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு 20 ஆண்டுகளாக லாரி அனுப்பும் புக்கிங் ஆபீஸ்காரர் வாடகையை ஏற்றிக் கேட்டிருக்கிறார். இந்த முறை முடியாது, ஜனவரியில் பேசலாம் என்று எழுத வேண்டும். மூன்று முறை எழுதிவிட்டேன். தொகை, தேதி, காரணம் எல்லாம் சரியாக அமைந்துவிட்டன. எடைமேடை அண்ணனும் தலையாட்டிவிட்டார். கணக்குப் பிரிவுப் பெண் மட்டும் முதல் வரியின்கீழ்ப் பென்சிலால் கோடு போட்டு, "இது எதுக்குங்கக்கா, மற்றொன்று விரித்தல்தானே?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'தங்கள் மகள் திருமணத்துக்கு வர முடியாமல் போனது எங்களுக்கு வருத்தம்' என்பது அந்த வரி. மூன்று படியிலும் அதை அடித்துப் பார்த்தேன். மூன்றிலும் மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.